திரையில் கண்ட மலபார் சமையலும் நம் வீட்டு அடுப்பும்

(சங்கத்தின் பொன்விழாக் குடும்ப நாளில், மாதாந்திரப் படக் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பொன்விழாவில் எங்கள் குழுவையும் பேசச் சொன்னபோது நாங்கள் கொஞ்சம் தயங்கினோம். சங்கத்தின் வரலாற்றைப் பேசுவதற்கு அதைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். கல்வி நிதியைப் பற்றிப் பேச அதை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்தது படம் பார்ப்பதும் சாப்பிடுவதும்தான். அதைப் பற்றியே பேசுகிறோம் என்றோம். செயலாளர் சிரித்துவிட்டு, "பேசுங்கள், ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுங்கள்" என்றார். வாசல் பக்கமிருந்து பிரியாணி மணம் வந்துகொண்டிருக்கிறது. சுருக்கமாகவே முடிப்போம், இன்ஷா அல்லாஹ்.

எங்கள் குழு ஆறு குடும்பங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இஷா தொழுகைக்குப் பிறகு, யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு படம் பார்ப்போம். எங்களில் கடையநல்லூர்க்காரர்கள் உண்டு, நாகூர்க்காரர்கள் உண்டு, கீழக்கரைக்காரர்கள் உண்டு. ஒரு வீட்டில் அத்தா என்பார்கள், இன்னொரு வீட்டில் வாப்பா என்பார்கள். பிள்ளைகள் எல்லாரும் சிங்கப்பூரில் பிறந்தவர்கள். அவர்கள் காதில் கொஞ்சம் நல்ல தமிழ் விழட்டும் என்றுதான் இதைத் தொடங்கினோம். ஆனால் எங்களை இந்த மேடைவரை கொண்டுவந்து சேர்த்தது ஒரு மலையாளப் படம்.

அந்தப் படம் 2012இல் வந்த 'உஸ்தாத் ஹோட்டல்'. அன்வர் ரஷீத் இயக்கியது, அஞ்சலி மேனன் எழுதியது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். குடும்பத்தோடு பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள், அதனால் போட்டோம். செங்கோட்டைப் பக்கத்து உறவுகள் உள்ள பெரியவர்களுக்கு மலையாளம் பாதிக்கு மேல் புரிந்தது. மற்றவர்கள் அடியில் ஓடிய எழுத்தைப் படித்தோம். படம் முடிந்தபோது மணி பன்னிரண்டுக்கு மேல். அந்த நேரத்தில் எல்லாருக்கும் பசி! வீட்டுக்காரர் அலமாரியில் இருந்த மீ கோரெங் பொட்டலங்களை எடுத்துச் சமைத்துப் போட்டார். கோழிக்கோட்டுப் பிரியாணியை இரண்டரை மணி நேரம் பார்த்துவிட்டு நாங்கள் சாப்பிட்டது அதுதான்.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். ஃபைஸி என்ற பையன். நான்கு அக்காமாருக்குப் பிறகு பிறந்த ஒரே மகன். தாய் இறந்துவிட, அக்காமாரின் கைகளில், அவர்கள் சமையலறையிலேயே வளர்கிறான். ஹோட்டல் நிர்வாகம் படிக்கிறேன் என்று தந்தையிடம் சொல்லிவிட்டுச் சுவிட்சர்லாந்தில் சமையல் கலை படித்து வருகிறான். மகன் சமையல்காரனா என்று தந்தைக்கு ஆத்திரம். பேசிய சம்பந்தமும் முறிகிறது. வீட்டை விட்டு வரும் அவன் போய்ச் சேரும் இடம் கோழிக்கோட்டுக் கடற்கரையில் அவன் பாட்டனார் கரீம் நடத்தும் பழைய சாப்பாட்டுக்கடை. பாட்டனாராக நடித்தவர் திலகன். படம் வந்த சில மாதங்களிலேயே அவர் காலமானார். அந்த ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு வழங்கப்பட்டது. வசனத்துக்காக அஞ்சலி மேனனும் விருது பெற்றார்.

எங்கள் குழுவில் ஒருவர். வயது அறுபதைத் தாண்டியவர். அவருடைய அத்தா இந்த ஊரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு சாப்பாட்டுக்கடையில் சமையல் வேலை செய்தவர். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்புப் பற்றவைத்து, கடையின் மேல்மாடியிலேயே படுத்து எழுந்தவர். ஃபைஸியின் தந்தை மகனைப் பார்த்து முகம் சுளிக்கும் காட்சி வந்தபோது அவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். நாங்கள் கேட்கவில்லை. அவராகவே பிறகு சொன்னார்: "பள்ளிக்கூடத்தில் அத்தாவின் தொழில் என்ன என்று படிவத்தில் கேட்பார்கள். நான் ஒவ்வோர் ஆண்டும் வியாபாரம் என்றுதான் எழுதுவேன். அத்தாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். ஒருநாள் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை."

அந்தச் சொல்லை எங்களில் யாராலும் மறக்க முடியவில்லை. இன்றைய எங்கள் பேச்சு முழுவதும் அதிலிருந்து வந்ததுதான்.

அந்தப் படத்துக்குப் பிறகு பிள்ளைகள் விடவில்லை. கோழிக்கோட்டுச் சாப்பாடு எப்படி இருக்கும், அதை நாம் சமைக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாங்களும் தேடத் தொடங்கினோம். கேட்டும் படித்தும் சமைத்தும் தெரிந்துகொண்டவற்றில் கொஞ்சத்தைச் சொல்கிறோம்.

முதலில் பிரியாணி. மலபார்ப் பிரியாணிக்கு நீள அரிசி கிடையாது. கைமா என்றும் ஜீரகசால என்றும் சொல்லும் சிற்றரிசி. சீரகம் போல் சின்னதாக, நல்ல மணத்தோடு இருக்கும். வயநாட்டு ஜீரகசாலைக்கு 2010இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயரைக் கேட்டதும் நம் தாய்மார்களுக்கு நினைவு வந்திருக்கும், நம் சீரகச் சம்பா. பெயரும் அரிசியும் இரண்டு பக்கத்திலும் அக்காள் தங்கை போல் இருக்கின்றன. ஆனால் சமைக்கும் முறை வேறு. தலச்சேரிப் பிரியாணியில் இறைச்சி மசாலா தனியாகவும் சோறு தனியாகவும் வெந்து, பிறகு அடுக்கடுக்காகப் போட்டு, மூடியின் ஓரத்தை மாவால் அடைத்து, மேலே தணல் வைத்துத் தம் போடுவார்கள். காரம் பெரும்பாலும் பச்சைமிளகாயிலிருந்துதான். நம் ஆம்பூர்ப் பிரியாணியின் வற்றல் மிளகாய் விழுதுச் சிவப்பு அதில் இருக்காது. வறுத்த வெங்காயம், முந்திரி, திராட்சை மேலே விழும். தொட்டுக்கொள்ளப் பேரீச்சம்பழ ஊறுகாய்.

சாப்பிட்டு முடித்ததும் சுலைமானி. பால் கலக்காத தேநீர், ஏலக்காய் மணம், கொஞ்சம் எலுமிச்சை. படத்தில் பாட்டனார் பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் ஒன்று இந்தத் தேநீரை ஆற அமரக் குடிப்பது. நம் கடைகளில் தே ஓ லீமாவ் என்று கேட்கிறோமே, அதன் ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம்.

அடுத்தது பத்திரி. இதில்தான் நாங்கள் தோற்றோம். பத்திரி என்பது அரிசிமாவில் தட்டும் மெல்லிய ரொட்டி. எண்ணெய் கிடையாது. வெள்ளைத் துணி போல் இருக்கும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை போலத் தோன்றும். நாங்கள் கடையில் வாங்கிய இடியாப்ப மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்தோம். உருட்டினால் ஓரம் வெடித்தது. கல்லில் போட்டால் அப்பளம் போல் விறைத்தது. பிள்ளைகள் அதை எடுத்து ஒருவர்மேல் ஒருவர் வீசி விளையாடினார்கள்.

எங்களில் ஒரு குடும்பம் இருக்கும் புளோக்கில், இரண்டு மாடிக்குக் கீழே, கண்ணூர்ப் பக்கத்து உம்மா ஒருவர் இருக்கிறார். அவர் கணவர் முன்பு இங்கே சர்பத் கடை வைத்திருந்தவர். பல ஆண்டுகளாகப் பெருநாளுக்குப் பலகாரம் கொடுத்து வாங்கும் பழக்கம். அவரிடம் போய் நின்றோம். அவர் எங்கள் பத்திரியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது பத்திரியில்ல மோளே, ஓடு" என்றார்.

பிறகு சொல்லிக்கொடுத்தார். உப்புப் போட்ட தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். அதில் வறுத்த அரிசிமாவைக் கொட்டிக் கிளறி, மூடி வைத்து, கை சுடச் சுடப் பிசைய வேண்டும். ஆறிவிட்டால் போச்சு. பிசைவதில்தான் எல்லாம் இருக்கிறது. மாவில் ஒரு விரிசல் இல்லாதபடி பிசைந்தால் ரொட்டியும் விரியாது. மெல்லியதாக உருட்டி, வெறும் கல்லில் இரண்டு பக்கமும் போட்டால் பந்து போல் உப்பும். சூட்டோடு தேங்காய்ப் பால் தடவி அடுக்க வேண்டும். அவர் கையில் ஒவ்வொன்றும் உப்பியது. எங்கள் கையில் பத்தில் மூன்று உப்பின.

அந்த உம்மாதான் படத்தில் வராத பல பண்டங்களை எங்களுக்குக் காட்டியவர். கல்லும்மக்காய் என்னும் சிப்பிக்குள் அரிசியும் தேங்காயும் பெருஞ்சீரகமும் அரைத்து அடைத்து, ஆவியில் வேகவைத்து, ஓட்டிலிருந்து எடுத்து மிளகாய் மஞ்சள் தடவிப் பொரிப்பது. நேந்திரம் பழத்தை அவித்து மசித்து, உள்ளே தேங்காய்ப் பூரணம் வைத்து, பஞ்சுக்காய் வடிவில் பிடித்துப் பொரிக்கும் உன்னக்காய். கோதுமையையும் இறைச்சியையும் குழைய வேகவைத்துக் கடையும் அல்சா. அரபு நாட்டு ஹரீஸின் மலபார்ப் பெயர் அது. நோன்புக்குத் தரிக்கஞ்சி. எல்லாவற்றுக்கும் மேலாக முட்டமாலை. முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் பிரித்து, சிறு துளையிட்ட சிரட்டை வழியாகக் கொதிக்கும் சர்க்கரைப் பாகில் நூல் நூலாகச் சுற்றி விட்டு எடுக்கும் இனிப்பு. மீதி வெள்ளைக் கருவில் இன்னொரு பண்டம் செய்வார்கள். அதற்குப் பிஞ்ஞாணத்தப்பம் என்று பெயர். எதையும் வீணாக்காத சமையல்.

முட்டமாலையைப் பார்த்ததும் கூட இருந்த பெண்பிள்ளை, "இது ஜாலா மாஸ்" என்றாள். அவள் தோழி கிளந்தான்காரி. கிளந்தானிலும் இதே நூல் இனிப்பு உண்டு. போர்ச்சுகலிலும் தாய்லாந்திலும்கூட உண்டு. கடல் வழியாக வந்தவர்கள் சரக்கோடு சமையலையும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். கீழக்கரைக் குடும்பத்தார் உடனே தங்கள் தொதலை நினைவூட்டினார்கள். கீழக்கரையில் தொதல், இலங்கையில் தொதல், இங்கே டோடோல். தேங்காய்ப் பாலும் மாவும் வெல்லமும் சேர்த்து மணிக்கணக்காகக் கிண்டுவதில் மூன்று கரையும் ஒன்று.

தேடத் தேட இப்படி உறவுகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. மலபாரின் பல ஊர்களில் மணமான பெண் தாய் வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளைதான் வந்து போவார். புது மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டில் நாள்தோறும் புதுப்புதுப் பலகாரமாக விருந்து நடக்கும். காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் இதைக் கேட்டு, "இதில் என்ன புதுமை, எங்கள் வீட்டுக் கதைதானே" என்றார்கள். ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து உண்பதும் நமக்குத் தெரிந்ததே. இந்த நகரத்திலேயே பாருங்கள். சௌத் பிரிட்ஜ் சாலையில் சூலியா முஸ்லிம்கள் 1826இல் தொடங்கிய ஜாமியா பள்ளிவாசல் இருக்கிறது. விக்டோரியா ஸ்திரீட்டில் 1963இல் திறக்கப்பட்ட மலபார் பள்ளிவாசல் இருக்கிறது. நடந்தே போய்விடக்கூடிய தூரந்தான். ஆனால் ஒரு படம் வந்து சொல்லும்வரை அந்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று நாம் எட்டிப் பார்த்ததில்லை.

பிறகு வேறு படங்களும் பார்த்தோம். 2011இல் வந்த ஆஷிக் அபுவின் 'சால்ட் அண்ட் பெப்பர்' முழுக்கச் சாப்பாட்டுப் பிரியர்களின் கதை. பெண் பார்க்கப் போன இடத்தில் கொடுத்த உன்னியப்பத்தின் ருசியில் மயங்கி, பெண்ணை விட்டுவிட்டு அந்த வீட்டுச் சமையல்காரரை அழைத்துக்கொண்டு வந்துவிடுவார் கதாநாயகர். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 2017இன் 'அங்கமாலி டைரீஸ்' பார்த்தபோது, கேரளம் என்றால் ஒரே சாப்பாடு அல்ல என்பது புரிந்தது. அங்கே கிறிஸ்துவர்களின் ஊரும் அவர்களின் பன்றி இறைச்சி வணிகமும் கதைக்களம். அந்தப் படத்திலிருந்து சமையல் எதையும் நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2018இல் வந்த 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' எங்கள் தாய்மார்களுக்கு மிகவும் பிடித்த படம். மலப்புறத்தில் செவன்ஸ் கால்பந்து ஆட வந்த நைஜீரிய இளைஞன் காயமடைந்து, குழு மேலாளர் மஜீதின் வீட்டில் படுத்துக் கிடக்கிறான். மஜீதின் உம்மாவும் அடுத்த வீட்டு உம்மாவும் அவனைப் பிள்ளை போல் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் மொழி அவனுக்குத் தெரியாது, அவன் மொழி அவர்களுக்குத் தெரியாது. சோறு போடுவதும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும்தான் பேச்சு. இங்கே முதன்முதலில் கப்பலில் வந்து இறங்கிய நம் முன்னோர்களுக்கும் யாரோ ஒருவர் முதல் வாய்ச் சோறு போட்டிருப்பார் என்று ஒரு பெரியம்மா சொன்னார். அந்த யாரோ ஒருவரின் பெயர் நமக்குத் தெரியுமா?

இதுவரை சொன்னதெல்லாம் மகிழ்ச்சி. இனிச் சொல்லப் போவது எங்களைச் சங்கடப்படுத்தியது. உங்களையும் கொஞ்சம் சங்கடப்படுத்தலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2021இல் ஜியோ பேபி இயக்கிய 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' வந்தது. பிறகு அது தமிழிலும் எடுக்கப்பட்டது. அது முஸ்லிம் வீட்டுக் கதையல்ல. புதிதாகத் திருமணமாகி வந்த ஒரு பெண், அவள் சமையலறை, அவ்வளவுதான். தொடக்கத்தில் கேரளத்துப் பண்டங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன, பார்க்க அழகாக இருக்கிறது. பிள்ளைகள் வழக்கம்போல் பெயர் கேட்டார்கள். போகப் போக யாரும் பெயர் கேட்கவில்லை. மாமனாருக்கு அம்மியில் அரைத்த சட்னிதான் வேண்டும், மிக்ஸியில் அரைத்தது ஆகாது. சோறு விறகடுப்பில் வடித்ததாக இருக்க வேண்டும், குக்கர் சோறு ஆகாது. ஆண்கள் சாப்பிட்டு எழுந்த மேசையில் அவர்கள் மென்று துப்பியது கிடக்கிறது. அதே மேசையில் பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய் ஒழுகுகிறது, சரிசெய்ய ஆள் கூப்பிடச் சொல்லிச் சொல்லி அவள் ஓய்ந்து போகிறாள்.

படம் முடிந்தபோது கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. எங்கள் தாய்மார்களில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "பாரம்பரியச் சமையல் பாரம்பரியச் சமையல் என்று இவ்வளவு நாள் பேசினோமே, அது யார் முதுகில் நின்றது என்று இன்றைக்குத்தான் பார்த்தீர்கள்." இன்னொருவர், "என் மாமியாரும் மிக்ஸி வாங்க விடவில்லை. அவருக்கும் முதுகு வலித்திருக்கும்" என்றார்.

ஆண்களாகிய எங்களுக்கு அன்று பதில் இல்லை. அன்று இரவு பாத்திரங்களை நாங்கள் கழுவினோம். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, முதல் தடவை என்பதால் சொல்கிறோம்.

அதன் பிறகு 'உஸ்தாத் ஹோட்டல்' படத்தையே இன்னொரு முறை பார்த்தோம். இம்முறை வேறு மாதிரித் தெரிந்தது. அதில் பெரிய சட்டியைக் கிளறுகிறவர் பாட்டனார், புகழ் பெறப் போகிறவன் பேரன். ஃபைஸிக்கு முதலில் அடுப்படியைக் காட்டிய அந்த நான்கு அக்காமார் கதையின் தொடக்கத்தோடு ஓரமாகப் போய்விடுகிறார்கள். கண்ணூர் உம்மா செய்த முட்டமாலையும் உன்னக்காயும் அந்தக் கடையில் இல்லை. அவை வீட்டுக்குள் பெண்கள் கையில் பிறந்தவை. படம் நமக்குக் கதவைத் திறந்துவிட்டது, அது பெரிய உதவி. உள்ளே போய்ப் பார்க்க வேண்டியது நாம்தான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பத்திரி கற்றுக்கொண்டு கிளம்பும்போது கண்ணூர் உம்மா எங்களிடம் கேட்டார்: "நிங்களுடெ வீட்டில் எந்தாணு விசேஷம்? அடுத்த தடவை அது கொண்டுவா." நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தலச்சேரிப் பிரியாணிக்குத் தணல் எங்கே வைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். நாகூர் நன்னி வட்டலப்பத்துக்கு எத்தனை முட்டை போட்டார், தேங்காய்ப் பாலை எந்தப் பக்குவத்தில் சேர்த்தார் என்று தெரியாது. பெருநாளைக்குக் கடையில் சொல்லி வாங்குகிறோம்.

கீழக்கரைக் குடும்பத்தின் உம்மம்மாவுக்கு அப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஆட்களின் பெயர் மறந்து போகத் தொடங்கியிருந்தது. மகனைத் தம்பி பெயரால் கூப்பிடுவார். நாங்கள் படம் பார்க்கும்போது அவரும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். திரையில் வெங்காயம் வதங்கும் காட்சியில் திடீரென்று, "பத்தாது, இன்னும் போடு" என்றார். எல்லாரும் சிரித்தோம். மறு வாரம் பேத்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியை வைத்துக்கொண்டு தொதல் எப்படிச் செய்வீர்கள் உம்மம்மா என்று கேட்டாள். பெயர்களை மறந்தவருக்குக் கை மறக்கவில்லை. உள்ளங்கையைக் குவித்து இவ்வளவு மாவு என்று காட்டினார். முதல் பால் எது, இரண்டாம் பால் எது, எதை முதலில் ஊற்ற வேண்டும் என்று சொன்னார். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டச் சொன்னார், மண் இருக்குமாம். எப்போது இறக்க வேண்டும் என்று கேட்டதற்கு, "எண்ணெய் பிரியும், சட்டி விடும், வாசம் சொல்லும்" என்றார். எந்த வாசம் என்று கேட்பதற்குள் களைத்துத் தூங்கிவிட்டார். மீதியை அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டோம். அடுத்த வாரம் தேர்வு, அதற்கடுத்த வாரம் வேறு வேலை. அந்த ரமலானுக்கு முன்பே அவர் மறைந்துவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அந்தப் பதிவு பதினோரு நிமிடம். பேத்தி அதை வைத்து மூன்று முறை தொதல் கிண்டியிருக்கிறாள். மூன்றாவது முறை நன்றாக வந்தது. உம்மம்மா செய்தது போல் இருந்ததா என்று அவள் வாப்பாவிடம் கேட்டோம். "பக்கத்தில் வந்திருக்கிறது" என்றார். அந்த வாசம் எது என்று சொல்ல இனி ஆள் இல்லை.

அன்பானவர்களே, மலபார்க்காரர்களின் சமையலைத் திரைப்படங்கள் உலகுக்குக் காட்டிவிட்டன. நம் ஒரட்டியையும் வட்டலப்பத்தையும் ஓட்டுமாவையும் நோன்புக் கஞ்சியையும் அப்படி ஆசையோடு காட்டிய ஒரு படத்தை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. என்றாவது ஒருவர் எடுப்பார். அதுவரை காத்திருக்க நம் வீட்டுப் பெரியவர்களால் முடியாது. ஆகவே பொன்விழாவையொட்டி மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டின் ஒரு பண்டத்தை, அதைச் செய்கிறவர் கையிலிருந்தே பதிவு செய்ய வேண்டும். நம் இளையர்கள் எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. அளவைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கையைப் படம் பிடியுங்கள். பேசவிட்டுக் கேளுங்கள். அடுத்த வாரம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

இரண்டாவது, அந்தப் பதிவோடு செய்தவரின் பெயரைச் சேர்க்க வேண்டும். இந்தச் சங்கத்தின் பழைய புகைப்படங்களைப் பார்த்தோம். மேடையில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரும் கீழே இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாக இஃப்தாருக்குக் கஞ்சி காய்ச்சிய பண்டாரிகள், மீலாது விழாவுக்கு நெய்ச்சோறும் தால்சாவும் ஆக்கியவர்கள், முதல் நாள் இரவெல்லாம் உட்கார்ந்து வெங்காயம் உரித்த தாய்மார்கள் எவர் பெயரும் இல்லை. ஒரு படத்தில் பின்னால் ஒரு பெரிய தேக்சாவும், அதன் அருகே முகம் பாதி மறைந்த ஒருவரும் தெரிகிறார்கள். அவர் யார் என்று தெரிந்தவர்கள் இந்த அரங்கில் இருந்தால் இன்றே எங்களிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது, பாரம்பரியச் சமையலைக் காப்பாற்றும் பொறுப்பு பெண்களுக்கு மட்டும் உரியது என்று நாம் சொல்லக்கூடாது. அம்மி வேண்டும் என்கிறவர் அரைக்கட்டும். எங்கள் குழுவில் இப்போது பையன்களும் பத்திரி தட்டுகிறார்கள். பத்தில் ஆறு உப்புகின்றன.

கடைசியாக ஒன்று. அத்தாவின் தொழிலை வியாபாரம் என்று எழுதியவரைச் சொன்னோமே, அவருக்குச் சென்ற ஆண்டு பேரன் பள்ளியிலிருந்து ஒரு பாடவேலை கொண்டுவந்தான். குடும்ப மரம் வரைந்து ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே தொழிலை எழுத வேண்டும். பேரனுக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் வரும். பாட்டனார் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்து எழுத வைத்தார். மரத்தின் மேல் கிளையில், தன் அத்தாவின் பெயருக்குக் கீழே அவன் எழுதியது: சமையல்காரர்.

அந்தத் தாளை அவர் இன்று கொண்டுவந்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் கேட்டுப் பாருங்கள், காட்டுவார்.

இப்போது எழுந்து சாப்பிடப் போகிறோம். உட்காருமுன் அடுப்படிப் பக்கம் ஒரு நடை போய், இன்று நமக்காகச் சமைத்தவர்களுக்கு ஸலாம் சொல்லி, அவர்கள் பெயரைக் கேட்டுவிட்டு வாருங்கள். எல்லாம் வல்ல அல்லாஹ் அவர்கள் கைகளுக்கு பரக்கத் செய்வானாக. மறைந்துபோன நம் தாய்மார்களுக்கும் தந்தையர்களுக்கும் மேலான சுவனத்தைத் தருவானாக. ஆமீன்.